கற்பிப்பவர் யார்? பணத்தொழிலில் பழகுநர் பயிற்சி: விடைகளும் விடுபட்டவையும்

பணத்தொழிலுக்கு வரும் இளையவர் அதை எங்கே கற்க வேண்டும்? கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தா, வகுப்பறையிலா, தேர்வில் தேறி வேலையில் சேர்ந்த பிறகா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட விடைகள் இருக்கின்றன. வட்டிக்கடைகள் ஒரு விடை சொல்லின. வங்கிகள் வேறொன்றைச் சொல்லின. 1961-ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டம் மூன்றாவது ஒன்றை முன்வைத்தது. கடந்த சில ஆண்டுகளாகப் பொதுத்துறை வங்கிகள் ஆயிரக்கணக்கில் பழகுநர்களை எடுக்கத் தொடங்கியதும் பழைய கேள்வி மறுபடி எழுந்துவிட்டது.

இதைத் திருவண்ணாமலை போன்ற ஓர் ஊரில் நிறுத்திப் பார்ப்பது பயன் தரும். 1989-இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏறத்தாழ 24.6 லட்சம். நெல்லும் நிலக்கடலையும், ஆரணிப் பட்டு நெசவு, செய்யாற்றுத் தொழிற்சாலைகள், பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டத்தை நம்பிய வியாபாரம் என்று வருமானம் பல வழிகளில், பல பருவங்களில் வருகிறது. மாவட்டத்தின் முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. அதோடு மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, தமிழ்நாடு கிராம வங்கி, தனியார் நகைக்கடன் கிளைகள், குறுங்கடன் நிறுவனங்கள், அன்றாடம் வசூலிக்கும் தண்டல்காரர்கள். பெருநகரத் தலைமையகத்தில் தயாரித்த பாடத்திட்டம் ஒன்று இங்கே வேலைக்கு வருபவருக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பது சாதாரணக் கேள்வி அல்ல.

கிட்டங்கியின் பாடம்

மிகப் பழைய, மிக முழுமையான விடை நாட்டுக்கோட்டை நகரத்தாருடையது. பர்மா, மலேயா, இலங்கை வரை பரவிய அவர்களுடைய வட்டிக்கடைகளில் ஒரு சிறுவன் பெட்டியடிப் பையனாக நுழைவான். கடையைப் பெருக்குவது, கடிதம் கொண்டு போவது, சிட்டையைப் பார்த்து எழுதுவது என்று தொடங்கி, அடுத்தாளாக உயர்ந்து, தேறினால் மேலாளாகக் கடையையே நடத்துவான். பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக ஊரிலிருக்கும் குடும்பத்துக்குப் போகும். மேலாளுக்கு இலாபத்தில் பங்கு உண்டு.

கணக்கு அறிவு இதற்கு முன்பே தொடங்கிவிடும். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடம். முந்திரி, மாகாணி என்ற பின்னங்களை மனத்துக்குள்ளேயே பெருக்கிக் கழிக்கும் பழக்கம். கடைக்கு வந்ததும் பேரேடு, வட்டிச் சிட்டை, ஐந்தொகை. ஆனால் இந்த முறையின் உயிர் கணக்கில் இல்லை என்றே தோன்றுகிறது. கடன் கேட்டு வருபவரின் நாணயம், குடும்பம், நிலம், பேச்சு ஆகியவற்றை எடைபோடும் திறன்தான் மேலாளின் சொத்து. அதை ஏட்டில் எழுதிக் கொடுக்க முடியாது. பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் பெற முடியும். கிட்டங்கிகள் என்ற பொதுக் கட்டடங்களில் பல கடைகள் ஒரே கூடத்தில் வரிசையாக அமர்ந்ததால் ஒரு பையன் தன் மேலாளிடம் மட்டுமல்ல, அடுத்த பெட்டியடியில் நடப்பதிலிருந்தும் கற்றான். இந்த வட்டிக்கடை வாழ்க்கையைப் பினாங்கில் வைத்து எழுதிய நாவல் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'. சிங்காரம் 1938-இல் சுமத்ராவின் மேடானுக்குக் கடை வேலைக்காகப் போனவர்.

டேவிட் ரட்னர் 1994-இல் வெளியிட்ட நகரத்தார் பற்றிய ஆய்வு, இந்த ஏற்பாட்டைச் சாதி, கோயில், திருமண உறவு ஆகியவற்றோடு பின்னிப் பிணைந்த ஒரு வங்கி அமைப்பாகவே பார்க்கிறது. அந்தப் பார்வையில் பயிற்சியின் வலிமையும் குறையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. பையனுக்குக் கற்றுக்கொடுப்பதில் மேலாளுக்கு நேரடி அக்கறை இருந்தது. தப்பு நடந்தால் முதலாளியிடம் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பையன் தேறினால் அவன் வருங்காலம் உறுதி. ஆனால் பெண்களுக்கு அந்த வாசல் முழுவதும் மூடியிருந்தது. உறவு வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் மூடியிருந்தது. மேலாள் நல்லவராக அமையாவிட்டால் கடல் கடந்து வந்த சிறுவனுக்கு முறையிட இடமில்லை.

இன்னொரு குறை வரலாற்றில் வெளிப்பட்டது. 1930 வாக்கில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் (செட்டியார்) கடைகள் இருந்தன. பெருமந்தத்தில் நெல் விலை சரிந்ததும் ஈட்டு நிலங்கள் கடைகளின் கைக்கே வந்து சேர்ந்தன. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் கீழ் பர்மாவின் நெல்வயலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அவர்களிடம் இருந்தது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது அத்தனையையும் விட்டு அவர்கள் வெளியேற நேர்ந்தது. தனிமனிதரை எடைபோட மிக நுட்பமாகக் கற்ற ஒரு தலைமுறைக்கு, எல்லாரும் ஒரே நேரத்தில் விழும்போது என்ன ஆகும் என்பதை அந்தக் கல்வி சொல்லித்தரவில்லை. பார்த்துப் பழகும் கல்வியைப் புகழ்பவர்கள் இதைச் சேர்த்தே எண்ண வேண்டும்.

தேர்வு மண்டபத்தின் காலம்

1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் வங்கி நிறுவனம் திவாலானது. அதன் பின்விளைவாக 1907-இல் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியால் இந்தியன் வங்கி உருவானது. நகரத்தார் மூலதனமும் ஆதரவும் அதன் பின்னால் இருந்தன. 1937-இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். வட்டிக்கடைப் பணம் வங்கிக்குள் வந்தது. வட்டிக்கடையின் பயிற்சி முறை அதே அளவில் உள்ளே வரவில்லை. வங்கியின் முன்மாதிரி இங்கிலாந்தாக இருந்தது. 1879-இல் லண்டனில் வங்கியாளர் கழகம் தொடங்கி எழுத்துத் தேர்வுகள் நடத்தியது போல, 1928-இல் இந்திய வங்கியாளர் கழகம் அமைந்தது. பணியில் இருப்பவர்கள் எழுதும் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகளை அதன் வழிவந்த கழகம் இன்றும் நடத்துகிறது.

1969 ஜூலை 19-இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையானதும் தேர்வுக்கு வேறொரு நியாயம் கிடைத்தது. வேலை பொதுச் சொத்து, அதை உறவோ சிபாரிசோ பங்கிடக் கூடாது என்ற நியாயம். சாத்தனூர் அணைப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருவர் யாரையும் தெரியாமல் வங்கி அதிகாரியாக முடிந்தது இதனால்தான். இந்தச் சாதனையைக் குறைத்துப் பேசும் எந்த வாதத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. 2011 முதல் ஸ்டேட் வங்கி தவிர்த்த பொதுத்துறை வங்கிகளுக்கான பொதுத் தேர்வை வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐ.பி.பி.எஸ். நடத்துகிறது. தமிழ்நாட்டரசின் நான் முதல்வன் திட்டமும் போட்டித் தேர்வுப் பயிற்சியில் இறங்கியிருக்கிறது.

குறை எங்கே? தேர்வு ஆளைத் தேர்ந்தெடுக்கிறது, தொழிலைக் கற்பிப்பதில்லை. ஆங்கிலம், கணிதத் திறன், பகுத்தாய்வு ஆகியவற்றில் வேகம் காட்டி உள்ளே வரும் எழுத்தருக்கு ஆறு மாதமும் அதிகாரிக்குப் பெரும்பாலும் இரண்டாண்டும் தகுதிகாண் பருவம். அந்தக் காலத்தில் கற்கிறாரா, ஆள் பற்றாக்குறையை நிரப்புகிறாரா என்பது கிளையைப் பொறுத்தது. கூட்டுறவுத் துறையின் விடை கொஞ்சம் மாறுபட்டது. அங்கே வேலைக்கு முன்பே கூட்டுறவுப் பயிற்சி தேவை. அதற்கான பட்டயப் படிப்பைத் தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியத்தின் மேலாண்மை நிலையங்கள் நடத்துகின்றன. பயிர்க்கடனும் சங்கச் சட்டமும் பாடத்தில் இருப்பதால் இது ஊருக்கு அருகில் நிற்கிறது. ஆனாலும் இதன் பெரும்பகுதி வகுப்பறைக் கல்விதான்.

தனியார் வங்கிகள் சில இன்னொரு வழியைப் பிடித்தன. பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து ஓராண்டுப் படிப்பு நடத்துவார்கள். மாணவர் சில லட்சம் ரூபாய் கட்டணம் செலுத்துவார், பெரும்பாலும் கடன் வாங்கி. முடித்தால் வேலை. கற்கும் செலவு முழுவதையும் கற்பவர் தலையில் ஏற்றும் இந்த முறை, வேலைக்கு உறுதி தருகிறது என்பதற்காகவே ஏற்கப்படுகிறது. கடன் கட்டி முடியும் வரை வேலையை விட முடியாத நிலையும் அதோடு வருகிறது.

1961 சட்டமும் வங்கிப் பழகுநரும்

பழகுநர் சட்டம் 1961 ஆலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பொருத்துநர், கடைசல்காரர், மின்பணியாளர் ஆகியோருக்கானது. 1973-இல் பொறியியல் பட்டதாரிகள் சேர்க்கப்பட்டார்கள். 2014 திருத்தம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் புதிய தொழில்களுக்கும் கதவைத் திறந்தது. 2019 விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். குறைந்தபட்ச உதவித்தொகை கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் என்று அப்போது வகுக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் மத்தியப் பழகுநர் மன்றம் இதை 6,800 முதல் 12,300 வரை உயர்த்தப் பரிந்துரைத்தது.

வங்கிகளின் அறிவிப்புகள் இந்தப் பின்னணியில் வந்தவை. பாரத ஸ்டேட் வங்கி 2023-இல் 6,160 பழகுநர்களுக்கு அறிவிப்பு விட்டது. ஓராண்டு, மாதம் 15,000 ரூபாய். இந்தியன் வங்கி 2024-இல் 1,500 பேர், கனரா வங்கி அதே ஆண்டில் 3,000 பேர். தகுதி பட்டப்படிப்பு, வயது 20 முதல் 28. வட்டார மொழி தெரிந்திருக்க வேண்டும். 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டம் 21 முதல் 24 வயதினருக்கு மாதம் 5,000 ரூபாயில் இன்னொரு வாசலைச் சேர்த்தது.

இந்தியன் வங்கி அறிவிப்பில் ஒரு விவரம் கவனிக்கத் தக்கது. பெருநகர, நகர்ப்புறக் கிளைகளுக்கு 15,000 ரூபாய், சிறுநகர, கிராமக் கிளைகளுக்கு 12,000. ரிசர்வ் வங்கியின் வகைப்பாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள இடம் நகர்ப்புறம். ஆக, 2011 கணக்கில் 1.45 லட்சம் பேர் இருந்த திருவண்ணாமலை நகரம் ஒரு வகையிலும் போளூர், செங்கம், ஆரணி மற்றொரு வகையிலும் விழும். வாழ்க்கைச் செலவைப் பார்த்தால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் கடன் கொடுப்பதன் அடிப்படையை நேருக்கு நேர் கற்க ஏற்ற இடம் சிறிய கிளைதான். பயிர்க்கடன், மகளிர் குழுக்கடன், நகைக்கடன் மூன்றும் ஒரே நாளில் ஒரே மேசைக்கு வரும். அந்த இடத்துக்குக் குறைந்த தொகை என்பது பயிற்சியின் நோக்கத்தோடு முரண்படுகிறது.

இந்தப் புதிய பழகுநர் முறை குறித்து மூன்று நிலைப்பாடுகள் மோதுகின்றன. அரசும் வங்கி நிர்வாகங்களும் இதை வேலைக்கு முந்தைய அனுபவமாகப் பார்க்கின்றன. பட்டம் இருந்தும் வேலைத்திறன் இல்லை என்ற பழைய புகாருக்கு மருந்து என்கின்றன. தொழிற்சங்கங்கள் இதை நிரந்தர எழுத்தர் பணியிடங்களைக் குறைக்கும் வழியாகப் பார்க்கின்றன. வங்கிச் சங்கங்களின் கூட்டமைப்பு 2025 மார்ச்சில் அறிவித்துத் தள்ளிவைத்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் போதிய பணி நியமனமும் ஒன்று. சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி பழகுநர் தொழிலாளர் அல்லர், தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. அந்தப் பிரிவு, வேலை வாங்கிக்கொண்டு பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் இடம் தருகிறது என்ற அச்சம் ஆதாரமற்றதல்ல.

மூன்றாவது நிலைப்பாடு நீதிமன்றத்தினுடையது. பயிற்சி முடித்தவருக்கு வேலை தரும் கடமை நிறுவனத்துக்கு இல்லை என்பது சட்டத்தின் போக்கு. உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சற்றே நெகிழ்த்தியது. மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை வேண்டும் என்றது. ஸ்டேட் வங்கி தன் பழகுநர்களுக்கு எழுத்தர் தேர்வில் சலுகை மதிப்பெண் தருகிறது. ஆனால் இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில், பகல் முழுவதும் கிளையில் நின்றவரும் வீட்டில் உட்கார்ந்து படித்தவரும் ஒரே வினாத்தாளைச் சந்திக்கிறார்கள். கிளையில் கற்றது அந்த வினாத்தாளில் மிகக் குறைவாகவே இடம்பெறுகிறது. பாதியில் விலகித் தேர்வுக்குப் படிக்கப் போகும் பழகுநரின் கணக்கு அவர் வரையில் சரியானதுதான்.

செலவு யாருடையது

இந்த மோதலுக்கு அடியில் ஒரு பொருளாதாரக் கேள்வி கிடக்கிறது. 1776-இல் ஆடம் ஸ்மித் நீண்ட பழகுநர் காலங்கள் தேவையற்றவை, போட்டியைத் தடுப்பவை என்று வாதிட்டார். 1964-இல் கேரி பெக்கர் வேறு கோணத்தில் வந்தார். எங்கும் பயன்படும் திறனைக் கற்பிக்க எந்த நிறுவனமும் பணம் போடாது, ஏனெனில் கற்றவர் கூடுதல் சம்பளத்துக்கு வேறிடம் போய்விடலாம் என்றார். அப்படியானால் அந்தச் செலவைக் கற்பவரே, குறைந்த கூலியாகவோ கட்டணமாகவோ ஏற்க வேண்டும். மேலே சொன்ன கட்டணப் படிப்பு இந்தத் தர்க்கத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் ஜெர்மனி பொருந்தவில்லை. அங்கே வங்கிகள் இரண்டரை முதல் மூன்றாண்டு வரை பழகுநர்களைத் தங்கள் செலவில் பயிற்றுகின்றன. வாரத்தில் சில நாள் தொழிற்பள்ளி, மீதி கிளை. முடிவில் தொழில் வணிகச் சபை தேர்வு நடத்துகிறது. 1990-களின் இறுதியில் பொருளாதார அறிஞர்கள் அசெமோகுலுவும் பிஷ்கேயும் இதற்கு விளக்கம் தந்தார்கள். வேலைச் சந்தையில் ஆளின் தரம் வெளியாருக்கு உடனே தெரியாதபோது, பயிற்றுவித்த நிறுவனம் அவரை வைத்துக்கொண்டு ஆதாயம் பெற முடியும் என்பது அதன் சாரம்.

இந்தியாவில் எழுதுபவர்கள் ஜெர்மனியின் இரட்டைக் கல்வியை அடிக்கடி புகழ்கிறார்கள். அதில் ஒரு பகுதியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அங்கே கற்பிப்பவருக்கும் தேர்வு உண்டு. பயிற்றுநர் தகுதிக்கான ஆணை 1972 முதல் இருக்கிறது. 2003-இல் அதை நிறுத்திவைத்துப் பார்த்து, 2009-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். நம் சட்டத்தின் 11-ஆம் பிரிவும் தகுதி பெற்ற ஒருவரைப் பயிற்சிப் பொறுப்பில் வைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆனால் ஐந்தாறு பேர் உள்ள கிளையில் மேலாளர், உதவி மேலாளர், காசாளர் மூவரும் மாலை வரை வாடிக்கையாளர் வரிசைக்கு ஈடுகொடுத்துக் கொண்டிருக்கும்போது அந்தப் பொறுப்பு யாருடைய நேரத்திலிருந்து வரும்? இதற்கு நம் திட்டங்களில் விடை இல்லை. உதவித்தொகையில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது, கற்பிப்பவரின் நேரத்துக்கு ஒதுக்கீடு கிடையாது. என் பார்வையில் விவாதத்தின் மையம் இங்கே இருக்க வேண்டும். தொகை 12,000-மா 15,000-மா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

பிரிட்டன் 2017 ஏப்ரலில் பெரிய நிறுவனங்களின் சம்பளச் செலவில் 0.5 சதவீதத்தைப் பழகுநர் வரியாக விதித்தது. பணம் திரண்டது. அதில் கணிசமான பங்கு ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் மேற்பயிற்சிக்குப் போய், இளையோரின் சேர்க்கை குறைந்தது. நிதி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அது ஒரு சான்று.

கணக்கில் வராத பழகுநர்கள்

திட்டங்களின் பட்டியலுக்கு வெளியே உண்மையான பழகுநர் கல்வி நடந்துகொண்டிருக்கும் இடங்கள் சில உண்டு. ஆடிட்டர் அலுவலகம் முதலாவது. 1949 சட்டத்தால் அமைந்த பட்டயக் கணக்காளர் கழகம் நேரடிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 2023-இல் அதன் காலத்தை மூன்றாண்டிலிருந்து இரண்டாகக் குறைத்தது. முறைப்படி பதிவு செய்யாமலேயே பி.காம். முடித்தவர்கள் அங்கே அமர்ந்து டேலியும் ஜி.எஸ்.டி. தாக்கலும் கற்றுக்கொண்டு வெளியேறுகிறார்கள். அவர்கள் கையில் சான்றிதழ் இருப்பதில்லை.

நகை மதிப்பீடு இரண்டாவது. வங்கிக் கிளையின் நகை மதிப்பீட்டாளர் பெரும்பாலும் நிரந்தர ஊழியர் அல்லர், கடனுக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறுபவர். உரைகல்லில் இழுத்த கோட்டைப் பார்த்து மாற்றுச் சொல்லும் திறமை பட்டறையில் தந்தையிடமோ குருவிடமோ பல ஆண்டு இருந்து வருவது. ஒரு கிளையின் கடன் பத்திரமாக இருப்பது அவர் விரல் நுனியில். ரிசர்வ் வங்கியின் 2025 நகைக்கடன் நெறிமுறைகள் மதிப்பீட்டை ஒழுங்குபடுத்த முனைந்திருக்கின்றன. அந்தத் திறமை அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகும் என்பது அவற்றின் எல்லைக்குள் வரவில்லை.

மூன்றாவது, நான் மிக முக்கியமாகக் கருதுவது, மகளிர் சுயஉதவிக் குழுக்கள். 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு பக்கத்து மாவட்டமான தருமபுரியில் தொடங்கிய திட்டத்தில் இந்தியன் வங்கி பங்காளியாக இருந்தது. அங்கிருந்து பரவிய குழுக்களில் ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் தீர்மானப் புத்தகமும் கடன் பேரேடும் எழுதப் பழகினார்கள். யாருக்கு எவ்வளவு கடன் தாங்கும் என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்தார்கள். கிட்டங்கியில் மூடியிருந்த கதவு இங்கே திறந்தது. வங்கித் தொடர்பாளர்களாக ஆன பெண்களில் பலர் இந்தப் பள்ளியின் மாணவிகள். ஆனால் இந்த அனுபவம் எந்த வங்கித் தேர்விலும் ஒரு மதிப்பெண்ணும் பெறுவதில்லை.

பயிற்சி மிக மெலிந்திருப்பது வசூலில். கடன் வசூல் முகவர்களுக்கு 100 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் என்று வகுத்திருக்கிறார்கள், பட்டதாரிகளுக்கு 50 மணி. குறுங்கடன் நிறுவனங்களில் வசூலுக்குப் போகும் இளைஞர்களோ சொந்த நிறுவனத்தின் குறுகிய பயிற்சியோடு இறங்குகிறார்கள். கடன் வாங்கியவரின் வாசலில் நின்று என்ன பேசலாம், எதைப் பேசக் கூடாது என்பதை அவர்கள் யாரிடம் கற்கிறார்கள்? கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

இன்னும் முடிவாகாதவை

இந்த விடைகளில் எதுவும் முழுத் தோல்வி அல்ல. வட்டிக்கடை ஆழமாகக் கற்பித்தது, ஆனால் சிலருக்கு மட்டும். தேர்வு எல்லாருக்கும் வாசலைத் திறந்தது, உள்ளே கற்பிப்பதைத் தற்செயலுக்கு விட்டது. புதிய பழகுநர் திட்டம் இரண்டையும் இணைக்கும் வாய்ப்புள்ளது என்று நம்ப இடமிருக்கிறது. அது கைகூடுமா என்று இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது. வங்கி வாரியாக, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் ஓராண்டை முடித்தார்கள், அதன்பின் எங்கே வேலைக்குப் போனார்கள் என்ற கணக்கு ஆண்டுதோறும் பொதுவெளிக்கு வந்தால்தான் சங்கங்களின் அச்சமா நிர்வாகத்தின் நம்பிக்கையா எது சரி என்பது தெரியும்.

அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. 2016-இல் யு.பி.ஐ. வந்த பிறகு பணம் கட்டுவதும் எடுப்பதும் கிளையின் முகப்பை விட்டுக் கைபேசிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கடன் தகுதியை மதிப்பெண்ணாகக் கணினி சொல்லிவிடுகிறது. புதியவர் முதலில் கற்ற எளிய வேலைகள் மறைந்தால், கடினமானவற்றுக்கு அவர் எந்தப் படியில் ஏறி வருவார்? கிரிவல நாட்களில் மட்டும் விற்பனை உயரும் கடைக்காரருக்கு எந்தத் தேதியில் தவணை வைத்தால் கட்ட முடியும் என்பதை அந்த மதிப்பெண் சொல்லும் என்று எதிர்பார்ப்பது கடினம். கிளையில் பல ஆண்டு இருந்த அதிகாரிக்கு அது தெரியும். வேலை நேரத்தில் வாரம் சில மணி நேரத்தைப் பழகுநருக்கென அவருக்கு ஒதுக்கி, அதை அவருடைய பணி மதிப்பீட்டிலும் சேர்க்க எந்த வங்கி முன்வரும் என்பது இன்னும் தெரியவில்லை.